மாமி ஊத்தாத தண்ணி

முந்தாநாள் நம்ம பள்ளிக்கூடத்துக் குரூப்பில வந்த அழைப்பை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா, பெரிய ஹால், பொண்ணு பல்லக்குல வந்து இறங்கப்போகுதாம். நல்லா இருக்கட்டும். நானும் எல்லாரையும் போல கைகூப்புற படம் ஒண்ணைத் தட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்துல எனக்குத் தனியா ஒரு செய்தி வந்துச்சு. "நீ முன்வரிசையிலேயே உட்காருலா, சாப்பிட்டுத்தான் போகணும். தண்ணி ஊத்த மட்டும் வேற ஆளுங்களைச் சொல்லிட்டோம், தப்பா நினைச்சுக்காதே." கூடவே கண்ணீர் விடுற மஞ்சள் மூஞ்சிங்க ஒரு வரிசை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இன்னும் ரெண்டு வருஷம் ஆகலை, அதனாலதான்.

தப்பாத்தான் நினைச்சேன், பொய் சொல்லுவானேன். அப்புறம் கோபம் ஆறிப்போச்சு. அவளுக்குத் தெரிஞ்ச முறையை அவ செய்யறா. ஆனா அந்தச் செய்தியைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு எங்க மாமி நினைப்பாவே இருக்கு. உங்கள்ல சில பேர் என் சடங்குக்கு வந்தவங்கதான். பக்கத்து வீட்டுச் சீன நோன்யா தண்ணி ஊத்தின சடங்குன்னு அந்த வருஷம் முழுக்க என்னைக் கிண்டல் பண்ணித் தீர்த்தீங்களே, மறந்துடுச்சா? எனக்கு மறக்கலை. அன்னிக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு உங்க யாருக்கும் நான் சொன்னதில்லை. அப்போ எனக்கே பாதிதான் தெரியும். மீதியை மாமி ரொம்ப வருஷம் கழிச்சு கனடாவிலேர்ந்து போன்ல சொன்னாங்க.

எங்க வீடு டத்தோ கெராமட் பக்கம் இருந்த பழைய வரிசை வீடு. நடுவுல ஆகாயம் தெரியுற முற்றம், மழை வந்தா வீட்டுக்குள்ளேயே கொட்டும். அப்பா பினாங்குலேயே பிறந்து வளர்ந்தவரு, ஆபீஸ்ல கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. பேருக்குத்தான் யாழ்ப்பாணத்து வம்சம், வாயைத் திறந்தா லா போடாம ஒரு வார்த்தை வராது. அம்மா மட்டும் யாழ்ப்பாணத்துலேயே பிறந்து, கல்யாணம் கட்டி இங்க வந்தவங்க. கடைசி வரைக்கும் அந்த ஊர்ப் பேச்சு மாறவே இல்லை. அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தம்பி. அவருதான் என் மாமா.

மாமா இயக்கத்துல இருந்தாரு. எந்த இயக்கம்னு கேட்காதீங்க, தனிநாடு கேட்டு அரசாங்கத்தோட சண்டை போட்ட ஒரு இயக்கம், அவ்வளவு போதும். அதுக்குள்ள பாதுகாப்புப் பிரிவுன்னு ஒண்ணு தனியா இருந்துச்சு. காட்டுல நின்னு பட்டாளத்தோட சண்டை போடுறது இவங்க வேலை இல்லை. பெரியவங்களுக்குக் காவல் நிக்கிறது, உள்ளுக்குள்ள காட்டிக் கொடுக்கிறவன் யாருன்னு தேடிப் பிடிக்கிறது, பிடிச்சவனை விசாரிக்கிறது, கொழும்பு மாதிரி அரசாங்கத்துக் கோட்டையிலேயே வீடு எடுத்து ஆளை ஒளிச்சு வைக்கிறது. இடுப்புல துப்பாக்கி, கழுத்துல நஞ்சுக் குப்பி. பிடிபட்டா கடிச்சுடணும்.

எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும்போது மாமா ஒரு தடவை பினாங்குக்கு வந்தாரு. ஓலைக் குட்டானுக்குள்ள பனங்கட்டி கொண்டாந்து கொடுத்தாரு. அந்தப் புகை வாசமும் இனிப்பும் இப்பவும் நாக்குல இருக்கு. மெலிஞ்ச மனுஷன், மெதுவாத்தான் பேசுவாரு. எங்க போனாலும் வாசலைப் பார்த்த நாற்காலியாத் தேடி உட்காருவாரு. ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா சும்மா இருக்காம, "பாதுகாப்புப் பிரிவுன்னா என்னலா, ஜாகா வேலையா?" ன்னு கேட்டு வச்சாரு. ஜாகான்னா இங்க வாட்ச்மேன், உங்களுக்குத் தெரியும். மாமா சிரிச்சாரு. "ஓம் அத்தான், ஜாகா வேலைதான். ஆனால் கள்ளன் வெளியில மட்டும் இல்லை" ன்னாரு.

மாமா ரொம்ப நல்லவர்னு நான் இங்க சொல்ல வரலை. தண்ணிமலைக் கோயிலுக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போனப்போ, ஊர்க்காரர் ஒருத்தர் அவரைக் கண்டதும் திருநீறுகூட வாங்காம மடமடன்னு படி இறங்கிப் போயிட்டாரு. அந்த ஆளோட தம்பியை விசாரணைக்குன்னு இவங்க பிரிவு கூட்டிக்கிட்டுப் போச்சாம், திரும்பி வரலையாம். "அவருக்கு வயித்துக்குச் சரியில்லை போல" ன்னு அம்மா சொன்னாங்க. நானும் நம்பினேன்.

மாமாவுக்கு அப்புறம் கல்யாணம் ஆச்சு. ஊர்ல குண்டு போட ஆரம்பிச்சதும் மாமியை மட்டும் எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சாரு. சுத்திப் பார்க்க வந்தவங்கன்னு விசா. அது முடியறப்பல்லாம் அப்பா அவங்களை பாடாங் பெசாருக்கு ரயில்ல கூட்டிக்கிட்டுப் போய், தாய்லாந்துல கால் வச்சுட்டுத் திரும்பி வருவாரு. மாமிக்கு அப்போ இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. பாயான் லெப்பாஸ்ல இறங்குற பிளேன் தாழப் பறந்தா உடனே குனிஞ்சு சுவரோரம் ஒட்டிக்குவாங்க. அப்புறம் அவங்களே அவங்களை நினைச்சு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. என் அறையிலதான் படுக்கை. எனக்குத் தலை வாரி விட்டா வலிக்கவே வலிக்காது. அம்மா வாரினா உயிர் போயிடும்.

மாமிக்குத் தாய் தகப்பன் கிடையாது. ஒரே ஒரு தம்பி. பத்தொன்பது வயசு, கொழும்புல படிக்கிறான்னு எங்ககிட்டச் சொல்லியிருந்தாங்க. படிக்கலை. மாமாவே அவனைத் தன்னோட பிரிவுல சேர்த்து, கொழும்புல ஒரு வீட்டுல வச்சிருந்தாரு. மாமாவும் அந்த வீட்டுலதான் இருந்தாரு. எங்க வீட்டுல இது மாமிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்னாடி ஒரு காலையில மாமியோட நானும் சௌரஸ்தா பாசாருக்குப் போனேன். மீன் வாங்கிக்கிட்டு வெளியே வரும்போது மோட்டார்ல சாய்ஞ்சு நின்ன ஒரு ஆளு, "அக்கா" ன்னு கூப்பிட்டாரு. எங்க சனம்தான், ஒல்லியா, தலையில ஹெல்மெட்டைக் கழட்டாமலே. கோயில் மண்டபக் கூட்டத்துல இயக்கத்துக்கு உதவி கேட்டு வர்றவங்கள்ல ஒருத்தர்னு எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. மாமி என்னைக் கூடையோட ஐஸ் கச்சாங் கடை ஓரத்துல நிறுத்திட்டுப் போனாங்க. ரெண்டு பேரும் பேசினதை நான் தூரத்துலேர்ந்து பார்த்தேன். மாமி ஒண்ணும் பண்ணலை. கையில இருந்த குடையை விரிச்சாங்க. அங்க வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

அந்த ஆளு சொன்னதை மாமி போன்ல எனக்கு அப்படியே சொன்னாங்க. "அண்ணர் போன கிழமை முடிஞ்சிட்டார் அக்கா. ரோட்டில மறிச்சவங்கள். இவர் சுட்டுக்கொண்டே ஓடினவர். காலில வெடி பட்டவுடன குப்பியைக் கடிச்சிட்டார். ஆரெண்டு அவங்களுக்கு இன்னும் தெரியாது. எந்த வீட்டில அழுகைச் சத்தம் கேட்குது எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாங்கள். பினாங்கிலயும் எங்கட சனத்துக்குள்ள அவங்களுக்குக் காது இருக்கு. நீங்கள் அழுதால் அவருக்குப் பேர் வந்திடும். பேர் வந்தால் அவர் இருந்த வீடு தெரிஞ்சிடும். அந்த வீட்டிலதான் உங்கட தம்பியும் இருக்கிறான்."

 அவரு மேலயும் சொன்னாராம், மச்சாள்னா எங்க அம்மா. "மச்சாளுக்கும் சொல்லக்கூடாது. பூவும் பொட்டும் குறையக்கூடாது. நாங்கள் சொல்லும் மட்டும்." எவ்வளவு சுலபமா சொல்லிட்டான் பாருங்க! சண்டையில செத்தவங்களுக்கு மறுநாளே படம் ஒட்டி, மாலை போட்டு, மேடையில பேசி எல்லாம் செய்வாங்க. பாதுகாப்புப் பிரிவுல செத்தா அப்படிக் கிடையாது. மேலிடம் அறிவிக்கிற வரைக்கும் பெண்டாட்டியே ஆனாலும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அது அவங்க வழக்கம்.

திரும்பி வரும்போது மாமி பூக்காரிகிட்ட நின்னு நாலு முழம் மல்லி வாங்கினாங்க. அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூ வைப்பாங்க. எனக்கும் ஒரு துண்டு கிள்ளி வச்சுவிட வந்தவங்க, சட்டுனு கையை இழுத்துக்கிட்டு, "நீயே வை பிள்ளை" ன்னாங்க. அன்னிக்கு எனக்கு அது கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு.

அந்த வாரமே இன்னொண்ணு நடந்துச்சு. காலையில அப்பா பேப்பரோட உட்கார்ந்திருக்காரு, மாமி குழல்லேர்ந்து புட்டைத் தட்டித் தட்டித் தட்டுல போடறாங்க. அப்பா சத்தமாப் படிச்சாரு. "கொழும்புல ஒருத்தனைச் சுட்டுட்டானுங்களாம். யாருன்னே தெரியலையாம், வாயில குப்பியாம். செத்தும் பேர் சொல்லலை பாரு, சரியான ஆளுலா!" அம்மா தேங்காய்ப் பால் பிழிஞ்சுக்கிட்டே, "பாவம், எந்தத் தாய் பெத்த பிள்ளையோ" ன்னாங்க. கையில இருந்த தேங்காய்ப் பூவைச் சொட்டு மிச்சமில்லாம பிழிஞ்சாங்க. மாமி அப்பாகிட்ட வந்து, "அண்ணை, இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கட்டோ?" ன்னு கேட்டாங்க. வச்சாங்க. குரல்கூட மாறலை.  ஒரே சமையலறையில அக்காளும் பெண்டாட்டியும், நடுவுல அவர் செத்த செய்தி, அதுல ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் மாமியோட பொட்டு பெருசாச்சு. தினம் பூ. மங்கலான சேலையெல்லாம் பெட்டிக்குள்ள போச்சு, பச்சையும் சிவப்புமா உடுத்த ஆரம்பிச்சாங்க. ஆனா சாமி அறைப் பக்கமே போகலை, தலை இடிக்குதுன்னு ஒரு சாக்கு. இழவுத் துடக்கோட, அதாவது தீட்டோட, விளக்குக்கு முன்னாடி எப்படி நிக்கிறதுன்னுதான் போகலைன்னு இப்போ தெரியுது. அம்மாவுக்கு இதெல்லாம் கண்ணுல குத்துச்சு. "புருஷன் அங்க சாகத் திரியுறான், இவளுக்கு இஞ்ச சிங்காரம் கேட்குது" ன்னு அப்பாகிட்ட முணுமுணுப்பாங்க. "சின்னப் பொண்ணுதானேலா, விடு" ம்பாரு அப்பா. மோட்டார்காரரோட மாமி பேசினதைப் பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தங்க பார்த்துட்டு அம்மா காதுல போட்டு வச்சாங்க. அதிலேர்ந்து அம்மா மாமியைப் பார்க்கிற பார்வையே வேற.

இந்த நேரம் பார்த்து நான் பெரியவளானேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஓட்டப்பந்தயப் பயிற்சியில பாதியில உட்கார்ந்துட்டேன், சிஸ்டர்தான் வீட்டுக்குப் போன் பண்ணினாங்க. யாழ்ப்பாண வழக்கத்துல அன்னிக்கே முதல் தண்ணி வார்க்கணும். வார்க்க வேண்டியது மாமி, அதாவது தாய்மாமன் பெண்டாட்டி. தாலியோட, பூவோட, குங்குமத்தோட வந்து ஊத்தினாத்தான் அந்தப் பொண்ணுக்கும் அதெல்லாம் நிலைக்கும்னு நம்பிக்கை. நம்பிக்கைன்னு சாதாரணமாச் சொல்லிட்டேன். எங்க அம்மாவுக்கும் மாமிக்கும் அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி.

மாமி சொன்ன காரணம் என்ன தெரியுமா? "எனக்கும் இண்டைக்குச் சரியில்லை மச்சாள்." அம்மா வேற வழியில்லாம தானே வாளியில மோண்டு என் தலையில ஊத்தி ஒப்பேத்தினாங்க. மூணு வாரம் கழிச்சுப் பெரிய சடங்கு வைக்கிறதுன்னு முடிவாச்சு.

அந்த மூணு வாரமும் நான் பின்னறைக் கைதி. விடியக்காலையில பச்சை முட்டை, அது தொண்டையில இறங்குறதுக்குள்ள நல்லெண்ணெய், அப்புறம் கத்தரிக்காய்ப் பிட்டு, உளுத்தங்களி. ஐயோ, அந்த எண்ணெய் வாசம்! மாமி அறைக்குள்ள வரமாட்டாங்க. கதவுக்கு வெளியே தரையில உட்கார்ந்துக்கிட்டு ஊர்க்கதை, பேய்க்கதை எல்லாம் சொல்லுவாங்க. "உள்ள வாங்க மாமி" ன்னு கெஞ்சுவேன். "துடக்குக்காரியிட்ட நான் ஏன் வாறன், போடி" ன்னு சிரிப்பாங்க. துடக்கு என்கிட்ட இல்லை, அவங்ககிட்டதான் இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

சடங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி சமையலறையில பேச்சு கேட்டுச்சு. "இந்த முறை சாட்டுச் சொல்லாதை. எனக்குக் கணக்குத் தெரியும்" ன்னாங்க அம்மா. மாமி, "எனக்குக் காய்ச்சல் மாதிரிக் கிடக்கு மச்சாள், வேற ஆரையும்…" ன்னு இழுத்தாங்க. "வேற ஆரு? என்ர தம்பிக்கு எத்தினை பெண்டாட்டி?" அதுக்குமேல மாமி என்ன சொல்லுவாங்க, பாவம்? ஊத்தினா என் வாழ்க்கை பாழாப் போயிடும்னு பயம், அதை மனசார நம்பினாங்க. உண்மையைச் சொன்னா தம்பி செத்துடுவான். அம்மா நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுதா தெருவுக்கே கேட்கும், தெருவுக்குக் கேட்டா எங்கெங்கேயோ கேட்கும்.

சடங்கு அன்னிக்குக் காலையில முற்றத்துல பலகை போட்டு என்னை உட்கார வச்சாங்க. வெள்ளைத் துணி சுத்தி, கையில வெத்தலை பாக்கு. மாமா இல்லாததால நிபோங் திபால்லேர்ந்து வந்த பெரியப்பா, அப்பாவோட ஒண்ணுவிட்ட அண்ணன், எஸ்டேட் தமிழ்ப்பள்ளி வாத்தியாரு, அவரு மாமன் ஸ்தானத்துல தேங்காய் உடைச்சாரு. தேங்காய் ரெண்டாப் பிளந்ததும் அம்மாவுக்குத் தாங்கலை. "என்ர தம்பி உடைக்க வேண்டியது. அடுத்த வருஷம் வந்து நிண்டு பார்க்கட்டும், எவ்வளவு வளர்ந்திட்டாள் எண்டு" ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. பக்கத்துல மாமி, அரக்குச் சிவப்புக் கூறைச் சேலை, தலை நிறையப் பூ. "ஓம் மச்சாள், வருவார்" ன்னாங்க. அந்த வார்த்தையை அவங்க சொன்னதை இந்தக் காதால கேட்டேன்.

பாலும் அறுகும் தலையில வச்சு முடிஞ்சுது. மாமி கையில செம்பைக் கொடுத்தாங்க. மஞ்சள் கரைச்ச தண்ணி, விளிம்பு வரைக்கும்.  நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு மாமியோட காலைத்தான் பார்த்தேன். அந்தக் கால் ஒரு அடி பின்னால நகர்ந்துச்சு. "ஊத்து" ன்னாங்க அம்மா. மாமி ஊத்தலை. "ஊத்தன் எண்டுறன், என்ன பகிடியோ?" ன்னு அம்மா மறுபடியும் அதட்டினாங்க.

பக்கத்து வீட்டு நோன்யா வேடிக்கை பார்க்க வந்து முன்னாடியே நின்னாங்க. பூப்போட்ட சாரோங், பல்லெல்லாம் சிரிப்பு. புருஷனோட தினம் சண்டை, ஆனா புருஷன் கல்லு மாதிரி இருக்காரு, அஞ்சு பிள்ளை, பேரன் பேத்தி வேற. மாமி திரும்பி அவங்க கையில செம்பை வச்சாங்க. "ஆன்ட்டி, தோலோங்" ன்னாங்க, உதவி செய்ங்கன்னு. நோன்யாவுக்கு ஆச்சரியம். "சாயா? போலேகா?" நானா, நான் செய்யலாமான்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம செம்போட கவிழ்த்தாங்க பாருங்க என் தலையில, மூச்சு முட்டிப்போச்சு. "நல்லா இரு, நிறையப் பிள்ளை பெறு" ன்னு மலாய்ல வாழ்த்து வேற. பொம்பளைங்க வாயில கை வச்சாங்க. நீங்க அத்தனை பேரும் சிரிச்சீங்க.

அம்மா சிரிக்கலை. விருந்து முடிஞ்சு கூட்டம் கலைஞ்சதும் சமையலறைக் கதவைச் சாத்தினாங்க. சாத்தினா என்ன, மரக்கதவுதானே, எல்லாம் கேட்டுச்சு. "என்ர பிள்ளைக்கு நல்லது நடக்கக்கூடாது எண்டு நினைக்கிறாய், என்ன? ஆரடி அந்த மோட்டார்காரன்? ஆருக்குப் பூ வைக்கிறாய்? என்ர தம்பி உயிரோட இருக்கேக்கயே இப்பிடி ஆடுறாய், செத்தால் என்ன செய்வாய்?"

 மாமி, "உங்கட பிள்ளைக்கு நான் ஒருநாளும் கெடுதல் நினைக்கேல்லை மச்சாள். அது மட்டும் நம்புங்கோ" ன்னாங்க. "வெளிக்கிடு என்ர வீட்டை விட்டு" ன்னு அம்மா சொன்னாங்க. அப்பா, "இதெல்லாம் எதுக்குலா, நாளைக்குப் பேசலாம்" ன்னு நடுவுல வந்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலமே நிபோங் திபால் பெரியப்பா, "கொஞ்ச நாள் எங்க வீட்டுல இருக்கட்டும்" ன்னு மாமியைத் தன் காடியில ஏத்திக்கிட்டாரு. போறப்போ மாமி என் கிட்ட வரலை. கூடத்துக் கதவோரமா நின்னு, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, "நல்லா இரு பிள்ளை" ன்னாங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன், எனக்கும் கோபம்தான். பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு அது வரத்தான் செய்யும்.

அப்புறம் எங்க வீட்டுல மாமி பேச்சே கிடையாது. பெரியப்பா வந்தா, எஸ்டேட் பிள்ளைக் கொட்டகையில கூலிக்காரங்க குழந்தைகளைப் பார்த்துக்கிறாங்கன்னு அப்பாகிட்ட மெதுவாச் சொல்லுவாரு. "பூ வச்சுக்கொண்டோ?" ன்னு அம்மா உள்ளேர்ந்து கேட்பாங்க.

மழைக்காலம் தொடங்கின சமயம் ஒரு நாள் அப்பா ரேடியோவைக் காதோட ஒட்டி வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தாரு. கொழும்புல ஒரு வீட்டைப் பட்டாளம் சுத்தி வளைச்சுதாம், விடிஞ்சதுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் சண்டையாம், உள்ளே இருந்த யாரும் உயிரோட வெளியே வரலையாம். "முடிச்சுட்டானுங்கலா" ன்னு அப்பா ரேடியோவை அணைச்சாரு. அம்மா, "மழை வருது, கொடியில உடுப்புக் கிடக்கு, ஓடு" ன்னு என்னை விரட்டினாங்க. நான் ஓடினேன்.

கொஞ்ச நாள்ல மோட்டார்காரர் எங்க வீட்டு வாசல்லயே வந்து நின்னாரு. இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில வச்சிருந்தாரு. இவ்வளவு கிட்டப் பார்த்தா சின்னப் பையன், மீசைகூட ஒழுங்கா முளைக்கலை. அம்மா அவரை அடையாளம் கண்டுக்கிட்டு, சேலையை இடுப்புல இழுத்துச் சொருகினாங்க, சண்டைக்குத் தயாராட்டம். அவரு உள்ளே வராமலே சொன்னாரு. "அக்கா, அண்ணர் வீரச்சாவு. இண்டைக்குத்தான் அறிவிச்சிருக்கு."

அம்மா கத்தலை. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. "எப்ப?" ன்னு கேட்டாங்க. "தைப்பூசத்துக்கு முந்தி." அம்மா அந்த ஆளையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, மனசுக்குள்ள எதையோ கூட்டிக் கழிச்சுக்கிட்டு. "அவளுக்குத் தெரியுமோ?" "அந்தக் கிழமையே பாசாரடியில வச்சுச் சொன்னனான். ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு நாங்கள்தான் தடுத்தது. பூவும் பொட்டும் குறையக்கூடாது எண்டும் நாங்கள்தான்."

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துட்டாங்க. "ஐயோ, நான் என்ன கேள்வியெல்லாம் கேட்டன் அவளை!" ன்னு தலையில தலையில அடிச்சுக்கிட்டாங்க. தம்பிக்காக அழறதுக்கு முன்னாடி அதுக்குத்தான் அழுதாங்க. மோட்டார்காரரு கிளம்பும்போது, "அவவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ அக்கா. இனி ஒளிக்கத் தேவையில்லை, அழலாம் எண்டு" ன்னுட்டுப் போனாரு. வேற ஒண்ணும் சொல்லலை. சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லையோ, இல்லை அதுக்கும் மேலிடத்து உத்தரவு வரணுமோ, யாரு கண்டா.

அப்பா ஆபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும்கூட அம்மா காத்திருக்கலை. என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்துல பஸ் பிடிச்சு, நிபோங் திபால்ல இறங்கி, செம்பனைக்கு நடுவுல செம்மண் ரோட்டுல நடந்தோம். வழியெல்லாம் அம்மா ஒரே வார்த்தைதான், "அவளின்ர காலில விழுவன்" ன்னு. நான் கூட வர்றதே அவங்களுக்கு மறந்து போச்சு.

தகரக் கொட்டகை. துணித் தொட்டில்கள் வரிசையாத் தொங்குது, பால் மாவு வாசமும் மூத்திர வாசமும் கலந்து அடிக்குது. மாமி ஒரு கைக்குழந்தைக்குக் கிண்ணத்துல கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தாங்க. இளைச்சுப் போயிருந்தாங்க. பொட்டு மட்டும் அதே பெருசு, தலையில பூ. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்னு, குழந்தையை இடுப்புல தூக்கிக்கிட்டாங்க.

அம்மா வாசல்லேர்ந்தே அழுதாங்க. "தெரிஞ்சிட்டுதடி. எல்லாம் சொல்லிட்டாங்கள். என்னை மன்னிச்சிடு."

மாமி குழந்தை வாயில ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைச்சுவிட்டாங்க.

"இனி ஒளிக்கத் தேவையில்லையாம். நீ அழலாமாம். வா, வீட்டுக்குப் போவம், ரெண்டு பேருமாச் சேர்ந்து அழுவம்."

அம்மா பாவம், அதை ஒரு வரம் கொண்டாந்த மாதிரித்தான் சொன்னாங்க. மாமி குழந்தையை மெதுவாத் தொட்டில்ல விட்டாங்க. கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே, "ஒளிக்கத் தேவையில்லை எண்டோ சொன்னவங்கள்?" ன்னு கேட்டாங்க.

"ஓம். அந்தப் பெடியன்தான் வந்து சொன்னவன்."

"அழலாம் எண்டும் சொன்னவனோ?"

"ஓமடி."

மாமி அம்மாவைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. அப்புறம் ரொம்ப மெதுவா, "அப்ப என்ர தம்பியும் இல்லை, மச்சாள்" ன்னாங்க.

அம்மாவுக்கு ஒண்ணும் புரியலை. "அவன் படிக்கிற பிள்ளையெல்லோ, அவனுக்கு என்னடி?" ன்னு மாமியோட தோளைப் பிடிச்சு உலுக்கினாங்க. மாமி அப்படியே சரிஞ்சு தரையில உட்கார்ந்தாங்க. "அவனும் அவரோட அந்தக் கொழும்பு வீட்டிலதான் இருந்தவன். அவன் உயிரோட இருக்கட்டும் எண்டுதான் மச்சாள் நான் பேசாமல் இருந்தனான்" ன்னு சொல்லிட்டு, அன்னிக்குத்தான் முதல் தடவையா வாய் விட்டு அழுதாங்க. தொட்டில்ல இருந்த குழந்தைங்க ஒண்ணொண்ணா முழிச்சுக்கிட்டு அதுங்களும் அழ ஆரம்பிச்சுடுச்சு. அம்மா எதைச் சமாதானப்படுத்துறதுன்னு தெரியாம நடுவுல நின்னாங்க.